அத்தை ஏறினால் நிற்கும் கார்

நம் வயதுக்காரர்களிடம் இதைச் சொல்ல அதிக விளக்கம் தேவையில்லை. சித்திரை வெயிலில் பழைய காரின் பின்சீட்டில் தொடை ஒட்டிக்கொள்ள உட்கார்ந்தவர்கள் நீங்கள். ரெக்சின் சூடும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து குமட்டும்போது, 'இந்தா, வந்துருச்சு' என்று பெரியவர்கள் சொன்ன பொய்யை நம்பியவர்கள். இப்போது என் மகள் காரில் ஏறி ஒரு பொத்தானை அழுத்துகிறாள், அது கிளம்பிவிடுகிறது. கிளம்புமா கிளம்பாதா என்று யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. நான் மட்டும் அந்த ஒரு நொடியில் இன்னமும் பின்பக்கம் காதைக் கொடுத்துக் கேட்பேன்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் வீடு கோச்சடையில். அப்பாவுக்குப் பருத்தி விதை, புண்ணாக்கு வியாபாரம். உசிலம்பட்டிப் பக்கம் காடு வைத்திருந்த குடும்பம், மதுரைக்கு வந்து நிமிர்ந்து நிற்கத் தொடங்கிய நேரம். நிமிர்ந்தது ஊருக்குத் தெரிய வேண்டாமா? வயதான டாக்டர் ஒருவர் வீட்டை மூடிக்கொண்டு மகனிடம் போனார், அவருடைய காரை அப்பா வாங்கிவிட்டார். வெள்ளைக்காரன் காலத்துக் கார். தவிட்டு நிறம், உருண்ட முதுகு. உள்ளே ஏறினால் டிஞ்சர் வாடை அடிக்கும்.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் பேசுவதற்கு முன்னால் பின்பக்கத்திலிருந்து 'டக்... டக்... டக்டக்' என்று ஒரு சத்தம் வரும். டிக்கிக்குள் இருந்த பெட்ரோல் பம்பின் சத்தம் அது. அத்தைக்கும் எனக்கும் அதெல்லாம் தெரியாது. அத்தை அதற்குப் பல்லி என்று பேர் வைத்திருந்தாள். ஏறுவதற்கு முன்னால் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "பாப்பா, பல்லி சொல்லிருச்சு, கெளம்பிரும்" என்பாள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாத்தாவும் அப்பத்தாவும் இல்லாததால் அப்பாதான் வளர்த்தார். அவளுக்குப் பேசி முடித்திருந்த ஒரு கல்யாணம், மாப்பிள்ளையின் தகப்பனார் திடீரென்று இறந்ததால் நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு அவள் அறைக்குள் வந்தால் பேச்சை நிறுத்துகிறவர்கள் சிலர் இருந்தார்கள். எனக்கு அப்போது அது புரியவில்லை. அத்தை வந்தால் எல்லோரும் மரியாதையாக அமைதியாகிறார்கள் என்றே நினைத்தேன்.

கார் வந்த முதல் வாரம் அப்பா தனியாக எங்கெங்கோ ஓட்டிப் பார்த்தார். குதிரை மாதிரி ஓடுது என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் ஏற்றினார். அம்மா முழுகாமல் இருந்ததால் குலுங்காமல் இருக்கட்டும் என்று முன்சீட்டில். பின்னால் அத்தை. காரில் போனால் அவளுக்கு வாந்தி வரும். அதனால் இடதுபக்க ஜன்னல் ஓரம் அவளுக்கு. அவள் மடியில் நான். வெறும் சீட் அவ்வளவு பெரிதாகக் கிடந்தாலும் எனக்கு அந்த மடிதான் வேண்டும்.

ஆரப்பாளையம் தாண்டுவதற்குள் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது.

அப்பா இறங்கினார். எங்களையும் இறங்கச் சொன்னார். பானெட்டைத் தூக்கி உள்ளே பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கே தெரிந்தது, ஆனாலும் எதையோ தட்டினார், எதையோ ஊதினார். டீக்கடையில் இருந்தவர்கள் வந்து தள்ளிவிட்டார்கள். பட்டென்று பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இருமல், மறுபடி நின்றது. மறுபடி இறங்கினோம், தள்ளினார்கள், பிடித்தது. அன்று முழுக்க இதுதான். ஏறுவதும் இறங்குவதும். என் செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று போய், திரும்பக் கிடைக்கவே இல்லை.

மெக்கானிக் வந்தார். அப்பாவை விட இளையவர், பேசும்போது கையில் இருக்கும் ஸ்பேனரைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். முதலில் பிளக்கைக் கழற்றிச் சுரண்டினார். சரியாகிவிட்டது என்றார். அத்தை ஏறினாள், நின்றது. அடுத்து பாயிண்ட் தேய்ந்திருக்கிறது என்றார். அடுத்து காயில். அதற்கடுத்து கார்பரேட்டரில் தூசி. கார்பரேட்டர் பாகங்களை எங்கள் வீட்டு முற்றத்தில் சாக்கு விரித்து, வடகம் காயப்போடுவது போலப் பரப்பி வைத்து, பெட்ரோலில் கழுவினார். அந்த வாடையில் அம்மா சாப்பிட முடியாமல் கொல்லைப்பக்கமே நடந்துகொண்டிருந்தாள்.

"பம்பு கிம்பு போயிருக்குமா தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"பம்பு நல்லா அடிக்குதுண்ணே. நீங்களே கேளுங்க." சாவியைத் திருப்பினார். டக், டக், டக். "இம்புட்டு தெளிவா அடிக்குது. பம்புல ஒண்ணும் இல்ல."

வாசலில் நிற்கும்போது அது அடித்தது. ஒவ்வொரு முறையும் அடித்தது.

அந்தக் கோடையில் வீட்டில் யாரும் ஒரு இடத்தில் உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அப்பா காலையில் எழுந்ததும் போய்ச் சாவியைத் திருப்பிப் பார்ப்பார். ஓடும். ஓடினால் இன்னும் கோபம் வரும் அவருக்கு. "இப்ப மட்டும் ஓடு" என்று காரைத் திட்டுவார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பாள். நான் காரணமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பேன்.

இந்த நேரத்தில்தான் எழுமலையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கடலை வியாபாரம், நல்ல குடும்பம். வீட்டுக்கு வந்து பார்த்து வேண்டாம் என்று சொன்னால் அசிங்கம், அதனால் முதலில் கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்துக்கொள்கிறோம் என்று தரகர் மூலம் சொல்லிவிட்டார்கள். வண்டியூர் மாரியம்மன் கோயில், வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

அத்தைக்கு மாம்பழ நிறப் பட்டு. தலையில் வைத்த மல்லிகைப்பூ என் மூக்கில் உரசியது. அவள் கை ஈரமாக இருந்தது. சிம்மக்கல் அருகே வந்ததும் வண்டி நின்றது. முன்னாலும் பின்னாலும் மாட்டு வண்டி, சைக்கிள், பஸ். எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள். அப்பா சட்டையெல்லாம் நனைந்து, திரும்பி அத்தையைப் பார்த்தார். அம்மாதான் சொன்னாள்.

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. ஆனா அவ ஏறுனா மட்டும் ஏன் நிக்குது?"

"விடு" என்றார் அப்பா. விடு என்றாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

சைக்கிள் ரிக்‌ஷா பிடித்துப் போனோம். தெப்பக்குளம் வற்றிக் கிடந்தது. உள்ளே பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எழுமலைக்காரர்கள் கிளம்பும் சமயம். இருந்தாலும் நின்று பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் நாடியைத் தொட்டு முகத்தை நிமிர்த்திப் பேசினாள். பெண் பிடித்திருக்கிறது, வைகாசி கழிந்ததும் பேசிக்கொள்வோம் என்றார்கள். திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் அத்தை மெதுவாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு உசிலம்பட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். புறப்படும் முன்னால் அப்பா அத்தையிடம் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீ வெள்ளன பஸ்ஸப் பிடிச்சுப் போயிருத்தா. நாங்க பின்னாடி வாரோம். வழியில நின்னா மொய் எழுதக்கூட நேரத்துக்குப் போக முடியாது."

"சரிண்ணே" என்றாள் அத்தை. உடனே சொன்னாள். சேலையைக்கூட மாற்றாமல், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கார் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நாகமலை, செக்கானூரணி, உசிலம்பட்டி. நான் பின்சீட்டின் நடுவில் தனியாக உருண்டுகொண்டு போனேன். பல்லி வழி நெடுக அடித்தது. செக்கானூரணிக்கு அப்புறம் ஒரு பஸ்ஸைத் தாண்டினோம். உள்ளே நிற்கிற கூட்டத்தில் அத்தையின் முழங்கையும் பச்சை வளையலும் மட்டும் தெரிந்தன. கையை ஆட்டினேன். அவள் பார்க்கவில்லை.

பந்தியில் அப்பா சந்தோஷமாக இருந்தார். காரைப் பற்றிக் கேட்டவர்களிடம் இலைக்கு மேலே கையை ஆட்டி, "என் தங்கச்சி ஏறலைன்னா என் வண்டி பறக்கும் மாப்ள. அவ ஏறுனா மட்டும் சண்டித்தனம் பண்ணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எழுமலைக்காரர்கள் எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லோரும் சிரித்ததால்.

தங்கை மேல் உயிரை வைத்திருந்த மனிதர் அவர். நல்ல இடம் அமையட்டும் என்று அவளுக்காகத்தான் காரே வாங்கினார் என்று பின்னால் அம்மா சொல்லித் தெரியும். அந்த வாய்க்கு எப்படி அந்தப் பேச்சு வந்தது என்று நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். காரை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. ஏதாவது ஒன்றின் மேல் பழி விழ வேண்டியிருந்தது. அத்தை எதிர்த்துப் பேசமாட்டாள். அவ்வளவுதான் இருந்திருக்கும்.

தரகர் வந்தபோது அத்தை மாவாட்டிக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திப் பேசினாலும் ஆட்டுரல் நின்றுவிட்டதால் எல்லாம் கேட்டது. "மாப்பிள்ளையோட அம்மா சொல்றாக, ஏறுனா வண்டியே நகர மாட்டேங்குதாம், அந்தப் புள்ள எங்க வீட்டுப்படி ஏறுனா எதெது நிக்குமோன்னு. நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேண்ணே."

அப்பா தரகருக்குக் காபி கொடுக்கச் சொன்னார். அத்தைதான் கொண்டுவந்து வைத்தாள்.

ஆனி மாசக் காற்று அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அம்மாவுக்கு வலி எடுத்தது. சொன்ன நாளுக்கு முன்னாலேயே. பனிக்குடம் உடைந்து அடுப்படி வரைக்கும் தண்ணீர். அப்பா கடையிலிருந்து ஓடிவந்தார். அவரும் அத்தையுமாக அம்மாவைத் தாங்கிக்கொண்டுவந்து பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். இடதுபக்கக் கதவோரம் தலையணை வைத்துத் தலையும் தோளும், வலதுபக்கம் கால். நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். அத்தை துணிப்பையோடு கதவைப் பிடித்தாள்.

"நீ ஏறாத" என்றார் அப்பா.

அத்தை கையை எடுத்தாள்.

"கோவிச்சுக்கிறாத ஆத்தா. உயிரு சமாச்சாரம். ரிக்‌ஷாவுல வா."

சாவியைத் திருப்பினார். தரகர் வந்து போனதிலிருந்து தொடாமல் கிடந்த வண்டி. செல்ஃப் கரகரவென்று சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. இறங்கி முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். கை வழுக்கி, ஹேண்டில் முழங்கையில் அடித்தது. பின்னால் அம்மா, "என்னங்க, என்னங்க" என்று கத்தினாள். அப்பா முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பயம். அத்தை ஏறவில்லை. அத்தை வெளியே மண்ணில் நிற்கிறாள். அப்படியும் வண்டி கிளம்பவில்லை.

அத்தை காரின் பின்பக்கம் டிக்கியோரமாக நின்றாள். தலையைச் சாய்த்து எதையோ கேட்பதுபோல நின்றாள்.

"அண்ணே, பல்லி சொல்லலையே."

"என்னது?"

"சாவி போட்டா டக்டக்குன்னு பின்னாடி அடிக்கும்ல. அது அடிக்கல. அது அடிக்காம கெளம்பவே கெளம்பாதுண்ணே."

"இப்பப் போயி என்னத்தப் பேசுற நீ! போயி தள்ளுறதுக்கு ஆளக் கூப்பிடு!"

அவள் போகவில்லை. இடதுபக்கக் கதவைத் திறந்தாள். அம்மா கதவில் சாய்ந்திருந்ததால் தோளைத் தாங்கிக்கொண்டாள். "மதினி, ஒரே ஒரு நிமிசம்" என்று சொல்லி அம்மாவின் தோளைச் சீட்டிலிருந்து தூக்கினாள்.

டக். டக். டக்டக்டக்.

அப்பா ஹேண்டிலோடு அப்படியே நின்றார். அத்தை அம்மாவை மறுபடி மெதுவாகச் சீட்டில் சாய்த்தாள். சத்தம் நின்றது. தூக்கினாள். அடித்தது.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த மூலையில் எத்தனையோ நாள் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அவள் முகத்தில் ஒரு நொடி வந்து போனது கோபமா சந்தோஷமா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. உடனே வேலையில் இறங்கிவிட்டாள். வலதுபக்கம் சுற்றி வந்து, "கால மடக்குங்க மதினி" என்று ஏறி, அம்மாவை இழுத்துத் தன் மடிமேல் சாய்த்துக்கொண்டு வலது மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தாள். இடது மூலை காலி.

"எடுங்கண்ணே வண்டிய."

முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. பெரியாஸ்பத்திரி வரைக்கும் பல்லி அடித்துக்கொண்டே வந்தது. அம்மா அத்தையின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்து, இருவர் கையிலும் ரத்தம். வாசலில் இறக்கிக் கொஞ்ச நேரத்தில் தம்பி பிறந்துவிட்டான்.

அந்த வாரமே மெக்கானிக் வந்து பின்சீட்டை அப்படியே கழற்றி வெளியே எடுத்தார். அதுவரை யாரும் அதைச் செய்யவில்லை, எல்லோரும் பானெட்டுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். சீட்டுக்கு அடியில் தேங்காய் நார்த் தூள், அத்தையின் கொண்டை ஊசிகள், என் சிவப்பு ரிப்பன், டாக்டர் காலத்து மருந்துக் குப்பி ஒன்று. இடது மூலையில் ஒரு ஸ்பிரிங் அறுந்து, அதன் முனை கீழே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முனைக்கு நேர் கீழே, பம்புக்குப் போகும் வயர்.

"இங்க பாருங்கண்ணே. வயரு உள்ள அத்துப்போயி சும்மா தொட்டுக்கிட்டு இருக்கு. இந்தப் பக்கம் ஆளு உக்காந்தா ஸ்பிரிங்கு வந்து அமுக்கி, கம்பி விலகிருது. பம்பு நின்னுரும். கார்பரேட்டர்ல கெடக்குற பெட்ரோல் இருக்க வரைக்கும் ஓடும், அப்புறம் நிக்கும். நாள்பட எடுக்காமக் கெடந்தா அதுவும் காஞ்சு, கெளம்பவே கெளம்பாது. ஆளு எந்திரிச்சா மறுபடி ஒட்டிக்கிரும்." ஸ்பேனரைச் சுழற்றாமல் அத்தையைப் பார்த்தார். "நான் ஒவ்வொரு தடவையும் எல்லாரையும் எறக்கி விட்டுட்டுல்ல பாத்தேன்."

பழுதான துண்டை வெட்டி எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை வெகுநேரம் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் எழுமலைக்குப் பஸ் ஏறினார். காரில் போகக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அங்கே என்ன நடந்தது என்பதைச் சாயங்காலம் வந்து அவரே சொன்னார். மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வயரை வளைத்தும் நிமிர்த்தியும் காட்டி, ஸ்பிரிங் எப்படி அமுக்கியது என்று விளக்கியிருக்கிறார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். "ஆனா ஒத்துக்கிட்டாகத்தா. வயருதான்னு ஒத்துக்கிட்டாக. ஓம்மேல ஒண்ணும் இல்லைன்னு அந்தம்மா வாயாலயே சொல்லிட்டாக" என்றார் அப்பா. ஏதோ ஜெயித்து வந்தவர் போலச் சொன்னார்.

அத்தை, அழுதுகொண்டிருந்த தம்பிக்குச் சுளுக்கு நீவி உரம் எடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"யாரு ஒங்களப் போகச் சொன்னது?"

"இல்லத்தா, ஓம் பேருக்கு..."

"அந்த வயரு கெடைக்கலைன்னா? அப்ப என்னைய என்னன்னு வச்சிருப்பீக?"

அம்மா தம்பியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை.

அடுத்த வருடம் வாடிப்பட்டிப் பக்கம் அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. நன்றாகத்தான் வாழ்ந்தாள். ஆனால் நான் உங்களிடம் சொல்ல நினைத்தது அந்தக் கேள்வி கேட்ட மறுநாளைப் பற்றித்தான்.

காலையில் அத்தை தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். காரில் ஏறி, இடது ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். "பாப்பா, வா" என்று என்னை மடியில் இழுத்துக்கொண்டாள். அப்பா கடைக்குப் போக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர், பார்த்துவிட்டு நின்றார்.

"எங்கத்தா போகணும்?"

"எழுமலைக்கு."

அப்பா வண்டியை எடுத்தார். உசிலம்பட்டி தாண்டும்வரை எதிர்க்காற்றில் அத்தையின் முந்தானை என் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு அன்று வாந்தி வரவில்லை. எழுமலைத் தெருவில் ஒரு வீட்டு முன்னால் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா வேகத்தைக் குறைத்தார். அந்த வீடுதான் என்று அப்படித்தான் தெரிந்தது.

"நிறுத்தாதீக" என்றாள் அத்தை.

ஜன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கி வைத்திருந்தாள். வாசலில் சுளகில் கடலை புடைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வீடு போனது, தெரு போனது, ஊரும் போனது.

"திருப்பவா?" என்றார் அப்பா.

"இன்னும் போங்க."

மேற்கே மலை தெரிந்தது. தார் ரோடு முடிந்து மண் ரோடு. இருபுறமும் சோளம் விதைக்க உழுது போட்ட கரிசல். "பெட்ரோல் முடியப்போகுதுத்தா" என்றார் அப்பா, கெஞ்சுகிற குரலில். "முடியட்டும்" என்றாள். கொஞ்ச தூரத்தில் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. அப்பா டிக்கியிலிருந்து தகர டின்னை எடுத்துக்கொண்டு வந்த வழியே நடக்கத் தொடங்கினார். வெயிலில் அவர் சிறுத்துக்கொண்டே போனார். அத்தை இறங்கவில்லை. கதவை மட்டும் திறந்து, கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்று, காரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, வண்டி நின்னுபோச்சா?"

"ஆமாண்ணே" என்றாள் அத்தை, நன்றாகச் சத்தமாக. "வண்டிக்கு ஒண்ணும் இல்ல. பெட்ரோல் தீந்துபோச்சு."